அணைத்தாலும் எரியும் விளக்கு

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் பெருவீதியில், வாழைச்சேனையை அடைவதற்கு முன் வரும் ஊர் கிரான். கோறளைப்பற்று தெற்குப் பிரதேசத்தின் தலைவாயில் அது. சந்தியிலிருந்து மேற்கே திரும்பும் வீதி, புலிபாய்ந்தகல்லுக்கும் அதற்கு அப்பால் குடும்பிமலைப் பக்கத்து வட்டைகளுக்கும் மாட்டுப் பட்டிகளுக்கும் போகின்றது. மாரி காலத்தில் வெள்ளம் பெருகிவிட்டால் அவ்வீதி நீருக்குள் மறைந்துவிடும். மக்கள் தோணியேறிப் போய்வருவர். வெள்ளம் வடிந்ததும், விதைநெல்லும் பசளையும் உள்ளே போகவேண்டும். பாலும் நெல்லும் வெளியே வரவேண்டும். இவ்வளவையும் சுமப்பது பெரும்பாலும், முன்னே ஆட்கள் இருக்கும் அறையும் பின்னே திறந்த தட்டும் உடைய டீசல் வண்டியே. இலங்கையில் அதனைக் 'கெப்' என்று அழைப்பர்.

இவ்வூரில் ஓடும் கெப் வண்டிகளிற் புதியன சிலவே. வாகன இறக்குமதி 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தளர்த்தப்பட்டது. அந்த ஐந்தாண்டுக் காலத்தில் வண்டி வேண்டியவர்கள், ஏற்கனவே நாட்டில் இருந்த பழைய வண்டிகளையே கைமாற்றிக்கொண்டார்கள். மூன்றாம் கை, நான்காம் கை என்று வண்டிகள் ஊர் ஊராய் வந்தன. நகையை அடகு வைத்தும் மாட்டை விற்றும் வாங்கிய வண்டி, வாங்கி ஒரு கிழமை ஆகுமுன் மீற்றர் பலகையில் ஒரு சிறு மஞ்சள் விளக்கை ஏற்றிக் காட்டினால், வாங்கியவர் மனம் எப்படியிருக்கும் என்பதை நேயர்கள் அறிவார்கள். கராஜுக்குப் போனால் விளக்கு அணைகிறது. மூன்றாம் நாள் மறுபடியும் எரிகிறது. ஒரு பாகத்தை மாற்றுகிறார்கள், மறுபடியும் எரிகிறது. இவ்வாறு திரும்பத் திரும்ப எரியும் விளக்கின் காரணத்தை ஒழுங்காகத் தேடும் முறையே இப்பேச்சின் பொருள்.

முதலில் விளக்குகளின் நிறத்தைப் பிரித்தறிய வேண்டும். எண்ணெய்க் குவளை வடிவில் சிவப்பாக எரிவது எஞ்சின் ஒயிலின் அழுத்தம் விழுந்ததைக் குறிப்பது. அது எரிந்தால், வீடு அரை மைலில் இருந்தாலும் வண்டியை அவ்விடத்திலேயே நிறுத்தி எஞ்சினை அணைக்கவேண்டும். சூட்டைக் குறிக்கும் சிவப்பு விளக்கும் அத்தகையதே. எஞ்சின் வடிவில் மஞ்சளாக எரியும் விளக்கு வேறு இனம். எஞ்சினைக் கட்டியாளும் கணினி தனக்கு வந்த செய்திகளில் ஒன்று ஒவ்வவில்லை என்று அறிவிக்கும் விளக்கு அது. அதனைக் கண்டு உடனே நடுவீதியில் நிற்கவேண்டியதில்லை. ஆனால் வண்டி இழுவையை இழந்து தளர்ந்து ஓடினாலோ, அவ்விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ சுமையை இறக்கிவிட வேண்டும். டீசல் வடியில் நீர் சேர்ந்ததைக் காட்டும் விளக்கு இன்னொன்று. இவை எல்லாவற்றையும் 'லைற் எரியுது' என்ற ஒரே சொல்லில் அடக்கிக்கொண்டு கராஜுக்குப் போகும்போதே பாதிக் குழப்பம் தொடங்கிவிடுகிறது.

பழுதே இல்லாமல் எரியும் விளக்கும் உண்டு. இங்கே மிகுதியாக ஓடும் ஹைலக்ஸ் வண்டிகளில், 3 லீற்றர் டீசல் எஞ்சின் உடையவற்றில், 'ரி-பெல்ற்' என்றொரு விளக்கு இருக்கும். அது எந்தப் பட்டியையும் அளந்து பார்ப்பதில்லை. ஓடிய தூரம் குறித்த கணக்கை, நாட்டுக்கேற்ப 100,000 அல்லது 150,000 கிலோமீற்றரை, எட்டியதும் எரியும். ரைமிங் பெல்ற்றை மாற்றும் காலம் வந்தது என்பதே அதன் பொருள். அப்பட்டி அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளை மோதும். எஞ்சினையே இழக்கவேண்டி வரும். தூரமானியைப் பின்னே திருப்பிவிட்ட வண்டியில் இவ்விளக்கையும் நம்பமுடியாது. முன்னையவர் பட்டியை மாற்றிய பற்றுச்சீட்டைக் காட்டாவிட்டால், மாற்றவில்லை என்றே கொள்வது நலம்.

இனி மஞ்சள் விளக்குக்கு வருவோம். வண்டிகள் தம் பழுதைத் தாமே குறித்துவைக்க வேண்டும் என்ற விதி, நகரத்துப் புகையை அடக்கவேண்டிய தேவையிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1988 ஆம் ஆண்டு வண்டிகளுக்கு அதனை முதலில் விதித்தது. 1996 முதல் அந்நாடு முழுவதிலும் விற்கப்படும் கார்களுக்கு ஒரே வகையான பதினாறு முனைச் செருகியும் ஒரே வகையான குறியெண்களும் கட்டாயமாயின. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001 இலும் டீசல் கார்களுக்குச் சில ஆண்டுகள் பின்னரும் இவ்விதி வந்தது. ஆகவே விளக்கின் முதல் நோக்கம் சாரதியைக் காப்பது அன்று, காற்றைக் காப்பது. எனினும் அதனால் சாரதிக்குக் கிடைத்த நன்மை பெரிது.

விளக்கு எரிவதற்கும் அணைவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்பாலான பழுதுகளில், ஒரே குற்றம் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் காணப்பட்டாலே விளக்கு எரியும். அக்குற்றம் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் காணப்படாவிட்டால் விளக்கு தானாகவே அணையும். குறியெண் மட்டும் நினைவகத்தில் நெடுநாள் தங்கியிருந்து, ஏறத்தாழ நாற்பது முறை எஞ்சின் குளிர்ந்து சூடான பின்னரே மறையும். இவ்வொழுங்கை அறியாமையால் இரண்டு ஏமாற்றங்கள் நேர்கின்றன. விளக்குத் தானாக அணைந்ததும் 'வண்டி சரியாகிவிட்டது' என்று எண்ணுவது ஒன்று. கராஜில் ஸ்கான் கருவியால் குறியெண்ணை அழித்துவிட்டு, இரண்டு நாள் எரியவில்லை என்பதையே பழுது தீர்ந்ததற்குச் சான்றாகக் கொள்வது மற்றையது.

வண்டிக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் இடையில் வழக்கமாக நடக்கும் உரையாடல் இவ்வாறிருக்கும்.

"தம்பி, இந்த லைற்றை ஒருக்கா நிப்பாட்டித் தாங்க. நாளைக்கு நெல்லு ஏத்தவேணும்."

"நிப்பாட்டலாம் அண்ணன். ஆனா நாளைக்கு நெல்லு ஏறினா, லைற்றும் ஏறும்."

இப்படிச் சொல்லும் மெக்கானிக் கிடைத்தவர் பேறுபெற்றவர். சொல்லாமல் அழித்துக் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். குறியெண்ணை அழிக்கும்போது அதனோடு இன்னொரு பொருளும் அழிந்துபோகிறது. பழுது நேர்ந்த அந்த நொடியில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது, எவ்வளவு சுமை இழுத்தது, நீரின் சூடு என்ன, வண்டியின் வேகம் என்ன என்பவற்றைக் கணினி ஒரு படம்போலப் பிடித்து வைத்திருக்கும். நோயாளியின் வாயை அடைத்துவிட்டு நாடி பிடிக்கும் பரியாரியார் எவரும் இல்லை. ஆகையால் குறியெண்ணையும் அந்தப் பதிவையும் தாளில் எழுதி எடுத்த பின்னரே அழிக்கவேண்டும். வண்டிக்காரர் அத்தாளைக் கேட்டு வாங்கி, வண்டியின் புத்தகத்தோடு வைத்திருப்பது உரிமையும் கடமையுமாகும்.

குறியெண் என்ன சொல்லும்? இங்கேதான் பெரும்பாலானவர் இடறுகிறார்கள். 'பி 0087' என்ற எண், டீசல் குழாயில் அழுத்தம் குறைவு என்று சொல்லும். அதைக் கேட்டவுடன் அழுத்தத்தை அளக்கும் சென்சரை மாற்றுவார்கள்; விளக்கு மறுபடி எரியும். பம்பை மாற்றுவார்கள், பெருந்தொகை போகும், அப்போதும் எரியலாம். காய்ச்சல் என்பது ஒரு குறி. அது மலேரியாவாலும் வரும், டெங்கினாலும் வரும், புண் சீழ்பிடித்தாலும் வரும். வெப்பமானி நூறு காட்டுகிறது என்று வெப்பமானியை மாற்றுவார் உண்டோ? குறியெண் பழுதடைந்த பாகத்தின் பெயர் அன்று; குற்றம் வெளிப்பட்ட இடத்தின் பெயரே.

இதனை விளங்கிக்கொள்ள, இக்கால டீசல் எஞ்சின் எப்படி உண்கிறது என்பதைச் சிறிது பார்க்கவேண்டும். ருடோல்ப் டீசல் 1897 இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றியாக ஓட்டிக் காட்டிய நாள் முதல், தத்துவம் மாறவில்லை. காற்றை இறுக்கிச் சூடாக்கி, அச்சூட்டில் எண்ணெயைத் தெளித்துத் தானே பற்றச் செய்வதே அது. தெளிக்கும் முறைதான் மாறியது. பழைய எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்பு தனித்தனியே எண்ணெயை அழுத்தி அனுப்பும். இன்ஜெக்டர்கள், வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு முதல் இருநூற்றைம்பது மடங்கு அளவில் திறக்கும். 1995 இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் ஹினோ லொறிகளிலும், 1997 இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் இத்தாலியக் கார்களிலும் புதிய முறையொன்றைக் கொண்டுவந்தன. 'கொமன் ரெயில்' என்னும் பொதுக்குழாய் முறை அது. பம்பு எண்ணெயை ஒரு தடித்த குழாயில் நிரப்பி அழுத்தத்திலேயே வைத்திருக்கும். கணினி கட்டளையிடும் கணத்தில் இன்ஜெக்டர் மின்சாரத்தால் திறக்கும். அங்கே அழுத்தம் 1,600, 2,000 மடங்கு வரை செல்லும்.

இந்த எண்களைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய லொறிகளிலும் உழவு இயந்திரங்களிலும் பழகிய கைகள், எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர்க் குழாயின் நட்டைத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது வழக்கம். கொமன் ரெயில் எஞ்சினில் அப்படிச் செய்யவே கூடாது. அவ்வழுத்தத்திற் பீறிடும் எண்ணெய் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். வெளியே ஒரு சிறு புள்ளி மட்டுமே தெரியும். வலியும் முதலில் அதிகமிராது. சில மணிநேரத்தில் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். அத்தகைய காயம் பட்டவர், புள்ளி சிறிதென்று வீட்டில் இராமல், டீசல் அழுத்தத்தால் துளைபட்டது என்று தெளிவாகச் சொல்லி உடனே பெரிய வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கசிவைத் தேட விரலை நீட்டாமல், எஞ்சினை அணைத்து, அழுத்தம் இறங்கச் சில நிமிடம் விட்டுப் பார்ப்பதே முறை.

இத்தனை அழுத்தத்தில் வேலை செய்யும் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் மசகு எண்ணெய் வேறு கிடையாது. டீசலே அவற்றுக்கு மசகு. ஆகவே டீசலில் நீர் சேர்ந்தாலும் மண்ணெண்ணெய் சேர்ந்தாலும் உலோகம் உலோகத்தோடு தேயும். 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வரிசையில் இரவுபகலாய்க் காத்து வாங்கிய டீசலைப் பீப்பாயிலும் கலனிலும் சேமித்து, வாடியிலும் வீட்டுப் பின்புறத்திலும் மாதக்கணக்கில் வைத்திருந்தவர்கள் பலர். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்து அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேதான் 340 ரூபாவாயிற்று. அதற்கு முன்னர் விலை வேறுபாடு கலப்படத்துக்கு ஆசை காட்டியது. அந்த ஆண்டைக் கடந்து வந்த டீசல் வண்டி எதை வாங்கினாலும், அதன் தாங்கியின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. பாதி நிரம்பிய தாங்கியில் இரவுக் குளிரில் ஈரம் வேர்த்து நீராய்த் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுத்த சளிபோற் படியும். உப்புக்காற்று வீசும் வாவிக்கரையூரில் துருவும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே அழுத்தக் குறைவு என்று குறியெண் வந்தால், தேடல் தாங்கியிலிருந்து தொடங்கவேண்டும், பம்பிலிருந்து அன்று. வடியின் அடியிலுள்ள திருகைத் திறந்து அரைப் போத்தல் டீசலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், நீர் அடியில் தனியே நிற்கும். தூசியும் துருவும் கண்ணுக்குத் தெரியும். காசு செலவில்லாத பரிசோதனை இது. பின்னர் வடியை மாற்றவேண்டும். பழைய வடியை வெட்டிப் பார்ப்பதும் நன்று. அடுத்து, வடிக்கும் பம்புக்கும் இடையில் ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டொன்றைப் பூட்டி ஓட்டிப் பார்த்தால், காற்றுக் குமிழ்கள் வருகின்றனவா என்று காணலாம். வெடித்த இறப்பர்க் குழாய் டீசலை வெளியே கசியவிடாமலே காற்றை உள்ளே இழுக்கும் என்பதைப் பலர் நம்புவதில்லை. இவை மூன்றும் தீர்ந்த பின்பே பம்பிலுள்ள உறிஞ்சல் கட்டுப்பாட்டு வால்வைச் சந்தேகிக்கலாம். டென்சோ பம்பு பூட்டிய கெப் வண்டிகள் பலவற்றில் இச்சிறு வால்வு தேய்ந்தோ ஒட்டியோ நின்று, எஞ்சினைத் தூக்கிப்போட்டு ஓடவைப்பதும் திடீரென அணைப்பதும் உண்டு. முழுப் பம்பையும் மாற்றாமல் இவ்வால்வை மட்டும் மாற்றலாம். கடைசியாக, ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் எண்ணெயைத் தனித்தனிப் போத்தலில் ஒரே நேர அளவுக்குப் பிடித்துப் பார்க்கவேண்டும். எந்தப் போத்தல் மற்றவற்றிலும் மிக விரைவாக நிரம்புகிறதோ, அந்த இன்ஜெக்டர் தேய்ந்தது.

ஸ்கான் கருவி வைத்திருப்பவர் இன்னொன்றும் செய்யலாம். கணினி கேட்கும் அழுத்தம் ஓரெண்ணாகவும், உண்மையில் உள்ள அழுத்தம் ஓரெண்ணாகவும் திரையில் ஓடும். வண்டி நிற்கையில் இரண்டும் ஒத்திருந்து, நெல்மூட்டைச் சுமையோடு மேடேறுகையில் இரண்டாவது எண் பின்தங்கினால், எண்ணெய் போதிய அளவில் வந்து சேரவில்லை என்பது வெளிப்படை. இப்பரிசோதனையை வெறும் வண்டியில் கராஜ் முற்றத்தில் செய்து பயனில்லை.

விளக்கு எப்போது எரிகிறது என்பதைக் குறித்துவைக்கும் வழக்கம் இங்கே மிகக் குறைவு. சுமையோடு மட்டும் எரிகிறதா, விடியற்காலையிலா, மழைக்குப் பின்னரா, நீரில் இறங்கி ஏறிய மறுநாளா என்று ஓர் அப்பியாசக் கொப்பியில் தேதியிட்டு எழுதினால், பத்து நாளில் பாதி விடை கிடைத்துவிடும்.

மழையோடும் வெள்ளத்தோடும் வரும் விளக்கு, பெரும்பாலும் வயர்களின் பழுது. புலிபாய்ந்தகல் வீதியில் நீருக்குள் ஓடிவந்த வண்டியின் இணைப்பிகளில் ஈரம் புகுந்து, செம்பு முனைகளிற் பச்சைக் களிம்பு ஏறும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. கோடை வெயிலில் காய்ந்து, மறுமாரியில் தலைகாட்டும். இங்கே பாகங்களை மாற்றுவது வீண். பட்டறியின் முனைகளையும், எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும் எர்த் வயரையும் கழற்றிச் சுரண்டித் துப்புரவாக்கிப் பூட்டுவதே முதல் மருந்து. எஞ்சின் அணைந்திருக்கையில் பட்டறி 12.6 வோல்ற்று அளவிலும், ஓடுகையில் 14 வோல்ற்று அளவிலும் காட்டவேண்டும். தளர்ந்த பட்டறியோடு ஸ்ராற் செய்யும்போது கணினிக்கு மின்சாரம் தாழ்ந்து, இல்லாத பழுதுகளெல்லாம் குறியெண்களாய்ப் பதிவாகும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு குறியெண்கள் ஒரே நாளில் வந்தால், ஐந்தாறு பாகங்கள் ஒருசேரக் கெட்டன என்று எண்ணாமல், மின்சாரத்தையே முதலில் பார்க்கவேண்டும். எலி கடித்த வயரையும் மறக்கலாகாது. நெல் ஏற்றும் வண்டிக்கு எலி வராமல் இராது.

காற்றுப் பக்கத்துப் பழுதுகள் இதைவிட எளிதில் அகப்படுவன. அறுவடைக் காலத்தில் பதரும் உமித்தூளும் காற்று வடியை ஒரே கிழமையில் அடைத்துவிடும். டேர்போவிலிருந்து வரும் குழாய் வெடித்தால் சீழ்க்கை ஒலியும் கரும்புகையும் வரும். 'பி 0299' என்ற எண் பதிவாகும். புகையைத் திருப்பியனுப்பும் வால்வில் கரி படிந்தால் 'பி 0401'. கழற்றிச் சுத்தம் செய்தாலே பலவேளை போதும்.

சற்றுப் புதிய வண்டிகளில், புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடி ஒன்று உண்டு. பிடித்த கரியை 600 பாகை அளவு சூட்டில் எரித்துத் தன்னைத்தானே துப்புரவாக்கும் அது. அதற்குப் பெருவீதியில் நிற்காமல் இருபது நிமிடம் அளவாவது ஓடவேண்டும். வட்டைக்கும் வீட்டுக்கும் இடையில் ஊர்ந்து திரியும் வண்டிக்கு அச்சூடு கிடைப்பதில்லை, விளக்கு எரியும். அவ்வாறாயின் மட்டக்களப்பு வரை ஒரே ஓட்டமாய் ஓடிவருவதே மருந்தாகலாம். எல்லா வேளையும் குற்றம் ஓட்டுபவருடையது என்றும் சொல்லிவிட முடியாது. அவுஸ்திரேலியாவில் 2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற ஹைலக்ஸ், பிராடோ, போர்ச்சூனர் டீசல் வண்டிகள் 264,170 இல் இவ்வடியின் அமைப்பே குறைபாடுடையது என்று, அந்நாட்டுச் சமஷ்டி நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. அவ்வண்டிகளிற் சில வெண்புகை கக்கின. விளக்கெரிந்து திரும்பத் திரும்பக் கராஜுக்குச் சென்றன. புதிய வண்டி வாங்கிய செல்வநாட்டாரே அவ்வழக்கை மேல்நீதிமன்றம் வரை நடத்தவேண்டியிருந்தது.

சிறு பழுதைப் பொருட்படுத்தாமல் விடுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. குளிரில் எஞ்சினைச் சூடாக்கும் குளோ பிளக்கு ஒன்று கெட்டால் 'பி 0380' போன்ற எண் வந்து விளக்கெரியலாம். கிரானின் வெப்பத்தில் அது இல்லாமலே எஞ்சின் பிடித்துவிடும். ஆகவே 'அது சும்மா எரியும்' என்று ஓராண்டு ஓட்டுவார்கள். எரிந்துகொண்டேயிருக்கும் விளக்கு இரண்டாம் முறை எரியமுடியாது. டீசல் அழுத்தம் விழத்தொடங்கிய நாளில் அதனை அறிவிக்க வேறு விளக்கு இல்லை. பாற்கலன்களோடு நடுக்காட்டில் நின்ற பின்பே தெரியவரும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர் சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்ராற் செய்யாமல், மீற்றர் பலகையைப் பார்க்கவேண்டும். மஞ்சள் விளக்கு அப்போது எரிந்தே ஆகவேண்டும். எஞ்சின் பிடித்ததும் அணையவேண்டும். சாவி திருப்பியபோதே எரியாத விளக்கு, நலத்தின் அடையாளம் அன்று. பல்பைக் கழற்றிவிட்டார்கள் அல்லது கறுப்பு ரேப் ஒட்டிவிட்டார்கள். ஸ்கான் கருவியோடு ஒருவரை அழைத்துச் சென்றால், குறியெண் கடைசியாக அழிக்கப்பட்டபின் வண்டி எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதையும் பல வண்டிகளிற் படித்தறியலாம். அந்த எண் பத்து, இருபது என்று இருந்தால், விற்பவர் முந்தின நாள் விளக்கை அணைத்துவிட்டார் என்பதை அவர் வாயால் கேட்கவேண்டியதில்லை. விலை பேசுவதற்கு அது நல்ல இடம்.

வண்டி ஏற்கனவே கைக்கு வந்துவிட்டதென்றால், வேலை முடிந்தது என்று மெக்கானிக் சொல்லும்போது, எழுதிவைத்த அந்தத் தாளை எடுக்கவேண்டும். விளக்கு முதலில் எரிந்தபோது வண்டி எந்த வேகத்தில், எவ்வளவு சுமையோடு, எந்த மேட்டில் ஓடியதோ, அதே சுமையை ஏற்றி, அதே வீதியில், இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்க்கவேண்டும். கூலியின் ஒரு பகுதியை அதற்குப் பின்னரே கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளும் வண்டிக்காரரோடு நல்ல மெக்கானிக்குகள் முரண்படுவதில்லை.